வீட்டில் தைக்கும் குயில்ட்டுக்கு எந்தக் குயில்டிங் டிசைன்? தேர்வும் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகள், மடியில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள ஒரு குயில்ட்டை (சுமார் 150 × 180 செ.மீ.) சாதாரண வீட்டுத் தையல் மெஷினில் தைப்பவரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. கையால் தைப்பவர்களுக்கான பதில்கள் பின்பகுதியில் இருக்கின்றன.

துண்டுகளை இணைத்து மேல்துணியைத் தைத்தாகிவிட்டது. குயில்டிங் டிசைன் என்று தனியாக ஒன்று எதற்கு?

குயில்ட்டில் மூன்று அடுக்குகள் உண்டு: மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையலே குயில்டிங். அந்தத் தையல் போகும் கோடுதான் டிசைன். அழகு அதன் இரண்டாவது வேலை. துவைக்கும்போது பஞ்சு ஒதுங்காமலும் அடுக்குகள் நழுவாமலும் பிடித்துவைப்பதே முதல் வேலை. அதனால் எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வடிவத்தை அதற்குப் பிறகு தேடலாம்.

எவ்வளவு நெருக்கம் போதும்?

பேட்டிங் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் இடைவெளிதான் உச்ச வரம்பு. வலைபோன்ற மெல்லிய பிடிமானம் சேர்த்து ஊசியால் குத்தி இறுக்கிய பருத்தி பேட்டிங் சிலவற்றில் 8 முதல் 10 அங்குலம் வரை விடலாம் என்று இருக்கும். அந்தப் பிடிமானம் இல்லாதவற்றில் 3 அல்லது 4 அங்குலம்தான் போட்டிருக்கும். 10 அங்குலம் என்று இருந்தாலும், அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு நாங்கள் 3 முதல் 4 அங்குலத்தைத் தாண்டச் சொல்வதில்லை. கைப்பிடி அளவு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெக்கையான ஊரில் பலர் பேட்டிங்குக்குப் பதில் பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ இரண்டு அடுக்காக வைக்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் துவைத்துத் துவைத்து நைந்த துணியில் பிடிமானம் குறைவு. தையல் வரிகள் 1½ முதல் 2 அங்குலத்துக்குள் இருக்கட்டும். இலவம்பஞ்சை உதிரியாக நிரப்ப வேண்டாம். எவ்வளவு நெருக்கமாகத் தைத்தாலும் அது மூலைகளில் கட்டிக்கட்டியாக ஒதுங்கிவிடும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நெருக்கம் குயில்ட் முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்த இடம் சுருங்கும், தைக்காத இடம் அப்படியே நிற்கும். நடுப்பகுதியை அரை அங்குல இடைவெளியில் நிரப்பிவிட்டு ஓரத்தை 5 அங்குலத்தில் விட்டால், ஓரம் அலையலையாகத் தொங்கும். ஓரத்தை நெருக்கிவிட்டு நடுவை விட்டால், நடு உப்பி நிற்கும். இதை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது. தைக்காத இடத்தில் கூடுதல் வரிகள் போடுவது ஒன்றே வழி.

முழுக்க அரை அங்குல இடைவெளியில் தைத்தால் போர்வை விறைத்துப்போகும். சுவரில் மாட்டுவதற்கு அது பொருந்தும், போர்த்திக்கொள்ளப் பொருந்தாது.

மேல்துணியைப் பார்த்து டிசைனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் துணி பூப்போட்டதா, வெறுந்துணியா என்று பாருங்கள். நெருக்கமான அச்சுத் துணியில் எந்தத் தையலும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இறகு வடிவத்துக்காக மணிக்கணக்கில் உழைப்பது வீண். நேர்வரியோ வளைந்து அலையும் மீயாண்டரோ போதும். வெறுந்துணியில் ஒவ்வொரு தையலும் தெரியும், தவறும் தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டி ஆமிஷ் மக்கள் தைத்த பழைய குயில்ட்டுகளில் இதைப் பார்க்கலாம். நடுவில் ஒரே பெரிய வைர வடிவம், சுற்றிலும் அகலமான வெறுந்துணிப் பட்டைகள், அவற்றின்மேல் கையால் தைத்த இறகு மாலைகள். துணியில் அச்சு எதுவும் இல்லாததால்தான் அந்தத் தையல் அப்படி எடுப்பாகத் தெரிகிறது.

அடுத்து, துண்டுகளின் வடிவம். சதுரமும் முக்கோணமுமாக இணைத்த மேல்துணிக்கு வளைவான தையல் எடுபடும். பூ, இலை என்று துணி வெட்டி ஒட்டித் தைத்த மேல்துணிக்குப் பின்னணியில் நேர்க்கட்டம் போட்டால், பூ மேலே எழும்பி நிற்கும்.

மூன்றாவது, தடிமன். எட்டு முக்கோணங்களின் முனைகள் ஓரிடத்தில் சேரும் பிளாக்குகளில் (துண்டுகளை இணைத்த சதுரங்களில்), அந்த நடுப்புள்ளியில் துணி கனமாகச் சேர்ந்திருக்கும். தையல் கோடு அதன்மேல் ஏறினால் தையல் விட்டுப்போகும், ஊசியும் முறியலாம். கோடு அந்தப் புள்ளியைச் சுற்றிப் போகும் டிசைனைத் தேர்ந்தெடுங்கள்.

இணைப்புக் கோட்டின் பள்ளத்திலேயே தைத்துவிட்டால் எளிதில்லையா?

பார்க்க எளிது, தைக்கக் கடினம். நூலிழை அளவு விலகினாலும் கண்ணில் படும். அப்படித் தைக்க நினைத்தால், துண்டுகளை இணைக்கும்போதே தையல் விளிம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். விளிம்புகளை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டிருந்தால், பள்ளத்தில் இறங்கும் ஊசி இணைப்பு நூலைக் குத்திப் பலவீனப்படுத்தும். அப்போது கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். தொடக்கநிலையில் எல்லோருக்குமே நாங்கள் சொல்வது இந்தக் கால் அங்குல முறைதான்.

முதல் குயில்ட்டுக்கு எந்த டிசைன்?

வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இருந்தால் மெல்லிய அலைவரி. நேர்வரியில் ஒரு கோடு விலகினால் பக்கத்துக் கோடு காட்டிக்கொடுக்கும். அலைவரியில் இரண்டு கோடுகள் ஒன்றுபோல இருக்கவே வேண்டியதில்லை. துணியை வலம் இடமாக மெதுவாக அசைத்துக்கொண்டே போனால் போதும்.

அடுத்த படி நேர்வரியும் குறுக்குக் கட்டமும். அதற்கடுத்து, சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லிய வில்லாக வளைத்துப் போகும் ஆரஞ்சுச் சுளை வடிவம். இதற்கும் வாக்கிங் ஃபுட் போதும், சதுரங்களே அளவுகோல் என்பதால் கோடு வரையவும் தேவையில்லை. ஃப்ரீ மோஷனுக்கு, அதாவது மெஷின் இழுக்காமல் துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பதற்கு, போகும்போது மீயாண்டர், பிறகு சுழி சேர்த்த மீயாண்டர், பிறகு சுருள். கூழாங்கல் வடிவத்தையும் இறகையும் தள்ளிப்போடுங்கள். கூழாங்கல்லில் பல வட்டங்களை இரண்டு முறை சுற்றித்தான் அடுத்ததற்குப் போக முடியும். நூலையும் நேரத்தையும் தின்னும், துணியையும் விறைக்கவைக்கும்.

ஒரு குயில்ட்டுக்கு ஒரே டிசைன் என்பது எங்கள் உறுதியான பரிந்துரை. ஐந்து டிசைன்களைக் கலந்தால் ஐந்திலும் கை பழகாது. ஒன்றை முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை தைத்தால், பாதி தாண்டுவதற்குள் கை படிந்துவிடும்.

நேர்வரி தைத்தால் துணி கோணலாக இழுத்துக்கொள்கிறது. ஏன்?

பெரும்பாலும் ஒரு வரியை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தைப்பதால்தான். ஒவ்வொரு வரியும் மேல்துணியைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. அடுத்தடுத்த வரிகள் எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் சாய்ந்த சுருக்கங்கள் விழும். எல்லா வரிகளையும் ஒரே திசையில் தையுங்கள்.

ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாக மறு ஓரத்துக்கும் போகாதீர்கள். முதலில் நடுவரி. பிறகு அதற்கு இருபுறமும் 8 முதல் 10 அங்குல இடைவெளியில் நங்கூர வரிகள். மூன்று அடுக்கும் நிலைத்தபின் இடைவெளிகளை நிரப்புங்கள். தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. மூலைவிட்டமாகப் போகும் வரிகள் துணியின் கிராஸ் வாக்கில் போவதால் துணி இழுபடும். அந்த டிசைனுக்கு, அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்திருக்கும் ஊக்குகளை இன்னும் நெருக்கிக் குத்துங்கள்.

நூல் கணக்கு: 5 செ.மீ. இடைவெளியில் நெட்டு வரிகள் மட்டும் போட்டால் 30 வரிகள், மொத்தம் 54 மீட்டர் தையல். குறுக்கு வரிகளும் சேர்த்துக் கட்டமாக்கினால் 108 மீட்டர். மேல்நூலும் பாபின் நூலும் சேர்ந்து தையல் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு செலவாகும். ஆகவே 350 மீட்டராவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கறுப்பு நிற மிதி மெஷின்தான் இருக்கிறது. வாக்கிங் ஃபுட் கிடையாது.

செய்யலாம். ஃபுட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மேல் திருகைத் தளர்த்துங்கள். தையலை நீளமாக வையுங்கள். அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கச்சாத் தையலை 3 அங்குலத்துக்கு ஒரு வரியாக நெருக்கிப் போடுங்கள். அலைவரியே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ மோஷனும் முடியும். இதே மெஷினில் ஃபுட்டைக் கழற்றிவிட்டுப் பிரேம் மாட்டி எம்பிராய்டரி போடும் தையல்காரர்கள் செய்வது அடிப்படையில் அதுதான். ஃபுட்டுக்கு அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல் இறங்காத மெஷினில், பல்லை மறைக்கும் தகடு பொருத்த வேண்டும். குயில்ட்டுக்கு ஃபுட் இல்லாமல் தைக்க வேண்டாம். தடிமனான அடுக்கு ஊசியோடு மேலே எழும்பி, தையல் விட்டுப்போகும். ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் வாங்கிப் பொருத்துங்கள்.

ஃப்ரீ மோஷனுக்கு மெஷினை எப்படித் தயார்செய்வது?

பல்லை இறக்குங்கள் அல்லது மூடுங்கள். தையல் நீளம் 0. டார்னிங் ஃபுட்டை மாட்டுங்கள். குயில்டிங் அல்லது டாப்ஸ்டிட்ச் வகையில் 90/14 எண் ஊசி. தொடக்கத்தில் மேலும் கீழும் ஒரே நூல். துணியை வைத்தபின் ஃபுட் நெம்புகோலை இறக்குங்கள். டார்னிங் ஃபுட் இறங்கினாலும் துணியை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் நிற்பதால், இதைப் பலர் மறந்துவிடுவார்கள். நெம்புகோல் மேலே இருந்தால் நூலைப் பிடிக்கும் தட்டுகள் திறந்தே இருக்கும், அடியில் நூல் கூடாகச் சுருண்டுவிடும்.

ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றி, பாபின் நூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மூன்று நான்கு பொடித் தையல் போட்டுவிட்டு நகருங்கள். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறை அணிந்தால் துணியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, தோள் வலியும் குறையும். துணியைச் சுற்றாதீர்கள். முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்துவது மட்டுமே.

பயிற்சியை மெஷினில் தொடங்கலாமா, தாளிலா?

தாளில். ஃப்ரீ மோஷனில் கை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: அடுத்து எங்கே போவது என்று தீர்மானிப்பது, துணியை ஒரே வேகத்தில் நகர்த்துவது. முதலாவது தாளிலேயே படிந்துவிட்டால் மெஷினில் இரண்டாவதை மட்டும் கவனிக்கலாம். மெஷின் முன் தடுமாறுபவர்களில் பலருக்குத் தடுமாற்றம் கையில் இல்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று மனதில் முடிவாகாததுதான் காரணம்.

பென்சிலை எடுக்காமல் ஒரு முழுத் தாளை டிசைனால் நிரப்புங்கள். மூலைக்குப் போய் மாட்டிக்கொண்டு வெளியே வர வழியில்லை என்றால், அந்த இடத்தைக் குறித்துவைத்து மறுபடி வரையுங்கள். குயில்ட்டில் மாட்டிக்கொள்ளப்போவதும் அதே இடத்தில்தான். யோசிக்காமல் தாள் நிரம்பும்வரை வரையுங்கள். வெள்ளைப் பலகை இருந்தால் தோளிலிருந்து கையை அசைத்து வரையலாம். மெஷினில் நடக்கும் அசைவு அதற்கு நெருக்கமானது.

பிறகு பயிற்சித் துண்டு. 18 அங்குலச் சதுரக் காடாத் துணி இரண்டு, நடுவில் உங்கள் குயில்ட்டில் வைக்கப்போகும் அதே பேட்டிங். வேறு பேட்டிங்கில் சரிசெய்த டென்ஷன் (நூலின் இறுக்கம்) இங்கே பொருந்தாது. அதன்மேல் 4 அங்குலக் கட்டங்கள் வரைந்தால், சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஓர் அங்குலம் விட்டு 16 கட்டங்கள் கிடைக்கும். துணியின் நிறத்துக்கு எதிர்நிற நூல் போடுங்கள். பயிற்சியில் தவறு தெரியத்தான் வேண்டும்.

முதல் கட்டங்களில் டிசைன் வேண்டாம், உங்கள் பெயரைச் சேர்த்தெழுத்தாகத் தமிழில் தையுங்கள். ‘இ’, ‘ஞ’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிகளும் திருப்பங்களும் எல்லாத் திசைகளிலும் துணியை நகர்த்தவைக்கும். கைக்கு ஏற்கனவே தெரிந்த வழி என்பதால் வேகத்தை மட்டும் கவனிக்கலாம். அடுத்த கட்டங்களில் டிசைன். தினமும் கால்மணி நேரம் தைப்பது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடப் பலன் தரும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டு, அடுத்தடுத்து ஒரே மாதிரி வந்துவிட்டால் குயில்ட்டைத் தொடலாம்.

மீயாண்டர் என்றால் கண்டபடி வளைப்பதுதானே? எனக்கு ஏன் வரிவரியாக வருகிறது?

கை பழகிய திசையிலேயே போய்த் திரும்புவதால். ஜிக்ஸா புதிர்த் துண்டின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குமிழ் வெளியே, ஒரு குமிழ் உள்ளே, ஒவ்வொன்றும் வேறு திசையில். இரண்டு கோடுகள் இணையாக ஓடத் தொடங்கினால் உடனே குறுக்கே திரும்புங்கள். குமிழின் கழுத்து அகலமாக இருக்கட்டும், அப்போதுதான் வெளியே வர இடமிருக்கும். முதல் குயில்ட்டில் குமிழ்களுக்கு 1½ முதல் 2 அங்குல அளவு சரியாக இருக்கும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, ஊசி அடுத்துப் போகப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சிக்குக் கோலத்தைக் குயில்டிங் டிசைனாகத் தைக்க முடியுமா?

முடியும், மிகவும் பொருத்தமும்கூட. மெஷின் குயில்டிங்குக்கு வேண்டியது அறாத கோடு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கம்பிக் கோலங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே கோட்டில் முடிவதில்லை. சிலவற்றில் தனித்தனியாக மூடிய இரண்டு மூன்று கோடுகள் பின்னிக்கிடக்கும். கோலத்தைத் தாளில் போட்டு, விரலால் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். தொட்ட இடத்துக்குத் திரும்பும்போது தொடாத கோடு மிச்சம் இருந்தால், அங்கே நூலை வெட்டி மறுபடி தொடங்க வேண்டும். ஒரே கோட்டில் முடிவதையே தேர்ந்தெடுங்கள்.

புள்ளி இடைவெளி 1½ அங்குலம் இருக்கட்டும். ஐந்து புள்ளி அகலமுள்ள கோலம் ஏறத்தாழ 7½ அங்குலப் பிளாக்கை நிரப்பும். அரிசிமாவுப் புள்ளிக்குப் பதில் அளவுகோல் வைத்துச் சாக்கால் புள்ளி வையுங்கள், கோட்டை முழுக்க வரைய வேண்டாம். கோடுகள் குறுக்கிடும் இடங்களில் நிற்காமல் கடந்துவிடுங்கள். அங்கே தயங்கினால் தையல்கள் குவிந்து முடிச்சுபோலத் தெரியும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது இறகு வடிவத்தைவிடச் சீக்கிரம் வரும்.

கோடு வரைய எந்தப் பேனா?

எதுவானாலும் அதே துணியின் ஓரத்துண்டில் வரைந்து, துவைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீரில் மறையும் நீலப் பேனா நல்லது, ஆனால் கோடு இருக்கும்போது இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. சூட்டில் நிலைத்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் சோப்பில்லாமல் முழுக்க அலசுங்கள். சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்ப வரும். அடர்நிறத் துணியில் வெளிறிய தடமும் விடலாம். அதை மேல்துணிக்கு நாங்கள் சொல்வதில்லை. அடர்நிறத்துக்கு டெய்லர் சாக்கோ கரைந்து மெலிந்த வெள்ளைச் சோப்புத் துண்டோ போதும்.

தைத்தபின் திருப்பிப் பார்த்தால் அடியில் கண்ணிமை மயிர்போல நூல்கள். என்ன தவறு?

அவை வளைவுகளில் மட்டும் இருந்தால் கை வேகம்தான் காரணம். வளைவில் கையை வேகமாக வீசுகிறீர்கள், மெஷின் அதே வேகத்தில் ஓடவில்லை. மெஷின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, வளைவில் கையை மெதுவாக்குங்கள். நேர்க்கோட்டிலும் இருந்தால் மேல்நூல் டென்ஷன் தளர்வாக இருக்கிறது, அரை எண்ணாக ஏற்றுங்கள். மாறாக, மேல்பக்கம் பாபின் நூல் புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் குறையுங்கள்.

தையல் விட்டுப்போனால் முதலில் ஊசியை மாற்றுங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது நல்ல கணக்கு. நூல் அடிக்கடி அறுந்தால் ஊசிக் கண் நூலுக்குச் சிறியதாக இருக்கலாம், நூல் பழசாகி இற்றிருக்கலாம். டிசைனில் வரும் கூர்முனை மழுங்கி உருண்டு வந்தால், அந்த முனையில் ஒரு தையல் நேரம் நின்று திரும்புங்கள்.

அடித்துணியில் மடிப்பு விழுந்துவிட்டது.

அது டிசைன் தவறு அல்ல, தைக்கும் முன் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் கச்சாவில் நேர்ந்த தவறு. அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். தரையில் விரித்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கமின்றி இருக்க வேண்டும், விறைக்க இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி, மேல்துணி உப்பும். பேட்டிங்கும் மேல்துணியும் வைத்து, நடுவிலிருந்து வெளியே 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. 150 × 180 செ.மீ. குயில்ட்டுக்குச் சுமார் 270 ஊக்குகள் ஆகும். துருப்பிடிக்காதவையாக வாங்குங்கள். கடலோர ஈரக்காற்றில் மட்டமான ஊக்கு சில நாளிலேயே கறை விடும்.

எந்தத் தவறைப் பிரிக்க வேண்டும், எதை விடலாம்?

அடித்துணி மடிப்பு, தளர்ந்த நூல் வளையம், கால்விரல் மாட்டும் அளவுக்கு நீண்ட தையல் ஆகியவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். அவை துவைக்கும்போது அறுந்துபோகும். கோணிய வளைவை விட்டுவிடுங்கள். பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கோணல் கரைந்துவிடும்.

கையால் தைக்க எந்த டிசைன் நல்லது?

இணைப்புகளை அதிகம் கடக்காதது. ஒவ்வொரு இணைப்பிலும் ஊசி கூடுதல் துணி மடிப்பைத் துளைக்க வேண்டும், தையல் பெரிதாகும். வளைவான டிசைன் கைக்கு இதமானது. அடுக்கடுக்கான வில் வரிகளால் ஆன பேப்டிஸ்ட் ஃபேன், முழங்கையை ஊன்றிக் கை இயல்பாக வீசும் வளைவில் அமைகிறது. 9 அல்லது 10 எண் ‘பிட்வீன்ஸ்’ எனப்படும் குட்டை ஊசி, 18 அங்குல நூல், நடுவிரலில் விரலுறை. முடிச்சை மேல்துணிக்கு அடியில் இழுத்துப் பேட்டிங்கில் புதையுங்கள். ஓர் அங்குலத்துக்கு 5 அல்லது 6 தையல் தெரிந்தால் தொடக்கத்துக்கு நல்லது. எண்ணிக்கையைவிடச் சமமாக வருவதுதான் கணக்கு.

டிசைன் தேர்வே வேண்டாம் என்பவர்களுக்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி நல்ல வழி. மேல்துணியை முன்கூட்டி இணைப்பதில்லை. பழைய புடவையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் துண்டுகளை வைத்து விளிம்பை மடக்கி ஓட்டுத் தையலால் தைத்துக்கொண்டே, சுற்றுச் சுற்றாக நடுவை நோக்கிப் போகிறார்கள். இணைக்கும் தையலும் குயில்டிங் தையலும் ஒன்றே. மூலைகளில் ‘பூலா’ எனப்படும் மடித்த துணிப்பூ வைப்பார்கள். கச்சாவும் ஊக்கும் ஓரப்பட்டியும் இதற்குத் தேவையில்லை.

நூல் என்ன நிறம்?

முதல் குயில்ட்டுக்கு மேல்துணியோடு கலந்துபோகும் நிறம். பல நிறத் துணிகள் இருந்தால் வெளிர் சாம்பல். அடித்துணி பூப்போட்டதாக இருக்கட்டும், நிறுத்தித் தொடங்கிய இடங்கள் தெரியாது.

பயிற்சித் துண்டுகள் குவிந்துவிட்டன. என்ன செய்யலாம்?

சிலவற்றில் டென்ஷன் எண், ஊசி எண், நூல் பெயர் மூன்றையும் துணியிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த குயில்ட்டில் அந்த அளவிலிருந்தே தொடங்கலாம். மீதியை ஓரம் மடித்துத் தைத்துச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கலாம். துணி, நூல், பேட்டிங் மூன்றும் பருத்தியாக இருந்தால் மட்டும். பாலியெஸ்டர் கலந்தது சூட்டில் உருகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.